டியூப் எங்கே போச்சு?

காக்டெயில், கொனூர், ஆஃப்ரிக்கன் லவ் பேர்ட்ஸ் குஞ்சுகளைக் கையால் ஊட்டி வளர்த்து விற்கும் நம்மவர்களுக்கு,

அம்பத்தூரில் மொட்டை மாடியில் 11 ஜோடி காக்டெயில் வைத்திருப்பவள் நான். உங்களில் சிலருக்கு என்னைத் தெரியும். மூட்டையாக வாங்கிய தினையைப் பிரித்துக்கொள்ள வந்திருப்பீர்கள், முட்டைப் பெட்டி கேட்டு வந்திருப்பீர்கள், ஜோடி சேராத ஆணைக் கொடுத்துவிட்டு வேறொன்றை வாங்கிப் போயிருப்பீர்கள். வந்த இடத்தில் என் மாமியார் போட்ட டீயைக் குடித்துவிட்டு, சர்க்கரை அதிகம் என்று சொல்லாமல் போன நல்லவர்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

எழுத வந்தது ஒரு ரப்பர் டியூபைப் பற்றி.

எந்த டியூப் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சைக்கிள் கடையில் வெட்டித் தருகிற வால்டியூப். இல்லாவிட்டால் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய, பச்சைக் குழந்தைக்கு மூக்கு வழியாகப் பால் இறக்குகிற டியூபில் ஒரு துண்டு. 10 மில்லி சிரிஞ்சின் நுனியில் அதை மாட்டி, குஞ்சின் வாய்க்குள் விட்டு, தீனிப்பை வரை இறக்கி அழுத்தினால் சில நொடியில் ஒரு குஞ்சு முடிந்தது. ஸ்பூனில் ஊட்டினால் அதே குஞ்சுக்கு ஐந்து நிமிடம் ஆகும். மாவு பாதி நெஞ்சு முடியில் ஒட்டும், காய்வதற்குள் துடைக்க வேண்டும். டியூப் வந்தது நம் நேரத்தை மிச்சப்படுத்தத்தான். குஞ்சுக்கு அதனால் ஒரு லாபமும் கிடையாது. இதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டால் மீதியைப் பேசுவது எளிது.

இரண்டு வருடத்துக்கு முன்னால், சித்திரை மாதம். ராத்திரி பத்தரை மணிக் கடைசித் தீனி. 12 குஞ்சு இருந்தன, எல்லாம் நாலு வாரம் முன்னே பின்னே. பதினோராவது குஞ்சு நல்ல பசியில் இருந்தது. பசித்த குஞ்சு தலையை ஆட்டுமே, அந்த ஆட்டம் உங்களுக்குத் தெரியும். டியூபை அலகால் இறுக்கிக் கவ்விக்கொண்டு மேலும் கீழுமாக இடிக்கும். “நல்லா இழுக்குது” என்று நாமும் பூரித்துப்போவோம். அது அப்படி இரண்டு இடி இடித்தது. நான் கையைப் பின்னால் எடுத்தேன். கையில் சிரிஞ்சு இருந்தது. நுனியில் டியூப் இல்லை.

“டியூப் எங்கே போச்சு?” என்று கேட்டுக்கொண்டே என் வீட்டுக்காரர் டார்ச் எடுத்துத் தரையில் தேடினார். நானும் தேடினேன். தரையில் இருக்காது என்று தெரிந்துகொண்டே தேடினேன். குஞ்சு வாயைத் திறந்து இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு போன். இந்தத் தொழிலில் எனக்கு மூத்தவர்கள் மூன்று பேரை அந்த நேரத்தில் எழுப்பினேன். “ஒண்ணும் ஆகாதுக்கா, காலைல கக்கிடும்” என்றார் ஒருவர். “ரெண்டு சொட்டு விளக்கெண்ணெய் விடுங்க, வழுக்கிக்கிட்டு எச்சத்துல வந்துடும்” என்றார் இன்னொருவர். மூன்றாமவர், “தலைகீழா பிடிச்சுத் தொண்டையை மேல இருந்து நீவி விடு பாப்பா” என்றார். எண்ணெயும் விட்டேன், தலைகீழாகவும் பிடித்தேன். மூக்குத் துளையில் மாவு நுரைத்துக்கொண்டு வந்தது. குஞ்சு தும்மியது, வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. பயந்துபோய் நிமிர்த்தி, பல்பு போட்ட பெட்டிக்குள் விட்டேன். நாக்கின் அடிப்பகுதிக்குப் பின்னாலேயே மூச்சுக்குழாயின் வாய் இருக்கிறது. தலைகீழாகப் பிடித்தால் தீனிப்பையில் உள்ளது முதலில் போய்ச் சேருகிற இடம் அதுதான் என்று மறுநாள் டாக்டர் சொன்னார். டியூப் கொல்லாத குஞ்சை நான் அன்றைக்கே கொன்றிருப்பேன்.

மறுநாள் காலை முதலில் போன இடத்தில், “பேர்டெல்லாம் நாங்க பாக்கறதில்லம்மா” என்றார்கள். கோபமில்லை. நாயும் பூனையும் பார்க்கப் பழகியவர்கள், தெரியாததைத் தொடாமல் விட்டார்கள். இரண்டாவது இடத்தில் இருந்தவர் பறவை பார்ப்பவர், இளவயசுக்காரர். குஞ்சை வாங்குவதற்கு முன்பே ஒன்று கேட்டார்: “மீதி டியூப் கொண்டுவந்தீங்களா?”

கொண்டுபோகவில்லை. ஏன் கேட்டார் என்று பிறகு புரிந்தது. எவ்வளவு நீளம், எவ்வளவு தடிமன், என்ன ரப்பர் என்று தெரிந்தால் உள்ளே எங்கே எப்படிக் கிடக்கும் என்று அவரால் யோசிக்க முடியும். மெல்லிய ரப்பர் எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாமலே போகலாம். கல்லும் கம்பியும் பளிச்சென்று தெரிகிற மாதிரி அது தெரியாது. ஆகையால் இது யாருக்காவது நடந்தால் குஞ்சோடு சேர்த்து சிரிஞ்சையும், அதே சுருளில் மிச்சமிருக்கிற டியூபையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

அவர் கழுத்துக்குக் கீழே, நெஞ்சின் மேல் பக்கம், விரல் வைத்து உருட்டினார். “இந்தா, நீங்களே தொட்டுப் பாருங்க.” தொட்டேன். தோலுக்கு அடியில் இடியாப்ப இழை மாதிரி ஒன்று நழுவியது. ஒரு நுனி கைக்குச் சிக்கியது, மறு நுனி சிக்கவில்லை. மாட்டிய டியூப் வயிற்றில் கரைந்துவிடும் என்று இதுவரை யாராவது நம்பியிருந்தால் அவர்களையும் தொட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

“மயக்கம் கொடுத்தா பறவை பிழைக்காது” என்று நமக்குள் ஒரு பேச்சு உண்டே, அதைக் கேட்டேன். ஆபத்து இல்லையென்று அவர் சொல்லவில்லை. ஐசோஃப்ளூரேன் என்கிற வாயு மயக்கம், சீக்கிரம் ஏறும், நிறுத்தினால் சில நிமிடத்தில் இறங்கும், எழுந்து உட்காரும் என்றார். மயக்கத்தைவிட அவர் அதிகம் பயந்தது இரண்டு விஷயத்துக்கு. ஒன்று, குளிர். பறவையின் உடம்புச் சூடு 40 டிகிரிக்கு மேல், மயங்கிக் கிடக்கும்போது அது மளமளவென்று இறங்கும். இன்னொன்று ரத்தம். பறவைக்கு உடம்பு எடையில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்குதான் ரத்தம். என் குஞ்சு அவர் தராசில் 88 கிராம். அப்படியானால் மொத்த ரத்தமே இரண்டு டீஸ்பூனுக்குக் குறைவு. நமக்குக் கொசு அடித்ததுபோலத் தெரிகிற சிவப்பு அதற்கு ஒரு பெரிய வெட்டு.

உள்ளே நின்று பார்க்க அனுமதித்தார். வாயைப் பொத்திக்கொண்டு ஒரு மூலையில் நின்றேன்.

மாஸ்க் என்றால் நம் மூஞ்சிக்குப் போடுகிற மாஸ்க் அல்ல. சிரிஞ்சின் உருளையை வெட்டி, கையுறை ரப்பரை அதன் வாயில் இழுத்துக் கட்டி, நடுவில் ஓட்டை போட்டது. தலை அதற்குள் போனது. ஒரு நிமிடம் இறக்கை துடித்தது, பிறகு அடங்கியது. அடியில் சூடான பேட். தலைப்பக்கம் கொஞ்சம் உயரம், தீனிப்பையில் மிச்சமிருப்பது வாய்க்கு வந்துவிடாமல். உதவிக்கு நின்ற பெண்ணுக்கு ஒரே வேலைதான்: மூச்சை எண்ணுவது. நெஞ்சின் மேல் யாரும் விரல் ஊன்றக் கூடாது. பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு மேலேறி இறங்கினால்தான் காற்று உள்ளே போகும். நாம் கூண்டிலிருந்து பிடிக்கும்போது உள்ளங்கையால் நெஞ்சை இறுக்குகிறோமே, அது கழுத்தை நெரிப்பதற்குச் சமம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. எட்டு வருடமாகப் பறவை வளர்க்கிறேன்.

முதலில் அறுக்கவில்லை. மயக்கத்தில் தொண்டை தளர்ந்திருக்கும்போது டியூபின் நுனியைத் தோலுக்கு வெளியிலிருந்தே விரலால் தள்ளித் தள்ளிக் கழுத்து வழியே மேலே ஏற்றி, வாயில் இடுக்கி விட்டுப் பிடிக்கப் பார்த்தார். சில நேரம் அதோடு முடிந்துவிடுமாம். ராத்திரியே போயிருந்தால் எனக்கும் முடிந்திருக்கலாம். ஒரு ராத்திரி முழுக்கக் கிடந்ததில் டியூப் சுருண்டு திரும்பியிருந்தது, வரவில்லை.

முடி பிடுங்கிய இடத்தில் தோல் வெங்காயச் சருகு மாதிரி இருந்தது. உள்ளே இருக்கிற மாவின் மஞ்சள் நிறம் தெரிந்தது. தோலை முதலில் கீறினார். தோலையும் அதன் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிற தீனிப்பையையும் பதமாகப் பிரித்தார். அதற்குப் பிறகுதான் பையில் வெட்டு, ரத்தநாளம் ஓடாத இடமாகப் பார்த்து, என் சுண்டுவிரல் நக அகலம்கூட இல்லை. இடுக்கி உள்ளே போய், டியூப் வெளியே வந்தது. வந்துகொண்டே இருந்தது என்று எனக்குத் தோன்றியது. அளந்து பார்த்தால் 7 சென்டிமீட்டர். புளித்த வாடை.

தையல் இரண்டு அடுக்கு. பைக்குத் தனி, தோலுக்குத் தனி, இரண்டும் தானாகக் கரைகிற நூல். ஏன் தனித்தனி? பை தீனி இறங்கும்போது விரியும், பிறகு சுருங்கும். தோலோடு சேர்த்துத் தைத்துவிட்டால் ஒவ்வொரு வேளையும் இழுத்து, ஒரு நாள் பிய்ந்து, குடித்ததெல்லாம் நெஞ்சில் ஒழுகும். பழைய கோழி வைத்தியத்தில் ஒரே ஊசியில் எல்லாவற்றையும் சேர்த்துத் தைப்பார்களே, அதில் எத்தனை பிழைத்தன, எத்தனை ஒழுகின என்று யார் கணக்கு வைத்தார்கள்.

மாஸ்க் போட்டதிலிருந்து எடுத்தது வரை 20 நிமிடம். கண்ணைத் திறந்து, தள்ளாடி, என்னைப் பார்த்து வாயைத் திறந்தது. பசி.

அடுத்த பத்து நாள் ஒரு வேளைக்கு 10 மில்லி போய் 3 மில்லி, ஆனால் அடிக்கடி, அதுவும் ஸ்பூனில். வலிக்கு டாக்டர் எழுதிய மெலாக்சிகாம் சொட்டு. இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். வலிக்கிறதே என்று வீட்டில் கிடக்கிற மாத்திரையைக் கரைத்து ஊற்றாதீர்கள். டைக்ளோஃபெனாக் போட்ட மாடுகளின் பிணத்தைத் தின்றே பாறுக் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. 2006-இல் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்யும்படி ஆனது. பறவைச் சிறுநீரகம் நம் மாத்திரைக்குக் கட்டப்பட்டதல்ல.

செலவு 3,500 ரூபாய். குஞ்சை நான் 2,000 ரூபாய்க்குப் பேசியிருந்தேன். என் மாமியார் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.”

அத்தையை நான் குறை சொல்ல மாட்டேன். நம் எல்லோர் வீட்டிலும் இந்தக் கணக்குதான் ஓடுகிறது. தீனி விலை ஏறுகிறது, மாவு டப்பா விலை ஏறுகிறது, ஒரு குஞ்சுக்காக இரண்டு குஞ்சின் பணத்தைக் கொடுத்தால் தொழில் எப்படி நடக்கும் என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். கேட்கக் கேட்க ஒரு விஷயம் உறுத்தியது. பெட்டியிலேயே விட்டிருந்தால் அந்தக் குஞ்சுக்கு அதன் அப்பாவும் அம்மாவும் மாறி மாறி ஊட்டியிருக்கும். எந்தக் காக்டெயிலும் தன் குஞ்சின் வயிற்றுக்குள் ரப்பரைத் தவறவிட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. கையில் உட்காரும் பறவைக்கு ஆயிரம் ரூபாய் கூடுதல் கிடைக்கும் என்பதால் நான்தான் அதை வெளியே எடுத்தேன். கூடுதல் ஆயிரத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிற கை, டியூப் நழுவுகிற அன்றைக்கு மட்டும் “இது வெறும் பறவைதானே” என்று ஒதுங்கலாமா?

“எச்சத்துல வந்துடும்” என்கிற பேச்சுக்கு வருகிறேன். அதுதான் நம்மிடம் அதிகம் புழங்குவது, அதிகம் கெடுப்பதும் அதுதான்.

நாய் ஒரு கோலிக்குண்டை விழுங்கினால் மறுநாள் பின்னால் வந்தாலும் வரும். பறவைக்குள் பாதை வேறு. தீனிப்பைக்கு அடுத்து அமிலம் சுரக்கிற ஒரு வயிறு, அதற்கடுத்து அரைவைப்பை. கோழியில் கந்தனக்காய் என்று வறுத்துச் சாப்பிடுகிறோமே, அதேதான். உள்ளே உரிக்கிற மஞ்சள் தோல், சுற்றிலும் கெட்டித் தசை. அதன் வேலை பல்லின் வேலை: அரைத்து மாவாக்குவது. வெளியே போகிற வாசல் குறுகலானது, அரையாத பெரிய பொருளை எளிதில் கீழே விடாது. ரப்பர் அரையாது. கயிற்று நூல் அரையாது, பந்தாகும். ஆகவே தீனிப்பையைத் தாண்டிய பொருள் பெரும்பாலும் கந்தனக்காயில் போய்க் குடியேறும். தீனிப்பையில் இருக்கிற வரைக்கும் அது தோலுக்கு நேர் அடியில் இருக்கிறது, திறந்து எடுத்து மூடலாம். அதைத் தாண்டினால் உடம்பையே திறக்க வேண்டும்.

அந்த வேறுபாட்டையும் நான் பார்த்தேன். தெரிந்த பையன் ஒருவன், கல்லூரியில் படிக்கிறவன், ஆசையாக ஒரு சன் கொனூர் வைத்திருந்தான். பருத்திக் கயிறு பொம்மை, நாம் கடைகளில் கொனூரோடு சேர்த்துத் தள்ளிவிடுகிறோமே, அதுதான். நூல் நூலாகப் பிரித்துத் தின்றிருக்கிறது, ஒரு மாதமோ இரண்டு மாதமோ. எடை குறைந்து, முழுத் தினை அரைபடாமல் எச்சத்தில் வர ஆரம்பித்த பிறகு என்னிடம் வந்தான். அதே டாக்டரிடம் போனோம். அவர் படம் வரைந்து காட்டினார். இடது பக்கம் விலா எலும்புக்குப் பின்னால் திறக்க வேண்டும். வழியில் காற்றறைகள் இருக்கின்றன, அவற்றைக் கீறாமல் போக முடியாது, கீறினால் மயக்க வாயு அந்த வழியாகவே வெளியே போகும். முன்வயிற்றின் சுவர் மெல்லிசு, தையல் போட்டால் கிழியும். நம் குடலின் மேல் கொழுப்புச் சவ்வு ஒன்று போர்வை மாதிரி கிடக்கிறது, வயிற்றில் ஓட்டை விழுந்தால் அது போய் ஒட்டி அடைக்கும். பறவைக்கு அந்தப் போர்வை இல்லை. ஒரு சொட்டு கசிந்தாலும் உள்ளேயே சீழ்தான். வேறு வழியும் உண்டு. தீனிப்பையை மட்டும் திறந்து, அங்கிருந்து கேமரா வைத்த குழாயைக் கீழே இறக்கி, பிடித்து இழுப்பது. அந்த அளவு மெல்லிய கருவி எல்லாரிடமும் இருப்பதில்லை. முதலில் குழாய் விட்டு வெந்நீரில் அலசிப் பார்க்கலாம் என்றார். இரண்டாவது நாள் காலையில் பையன் போன் செய்தான். அலச வேண்டிய அவசியமே இல்லாமல் போயிருந்தது.

கயிறு பொம்மை விற்காதீர்கள் என்று சொன்னால் கேட்க மாட்டீர்கள். பிரிந்த நூலைக் கத்தரியால் வெட்டிவிடுங்கள், நீளமாகப் பிரிந்தால் தூக்கி எறியுங்கள் என்றாவது வாங்குகிறவரிடம் சொல்லி விற்கலாம்.

விழுங்கியது கம்பியாக இருந்தால், அறுவைக்கு முன்னால் வேறு வைத்தியம் இருக்கிறது. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. வலையில் கூண்டு கட்டுகிறோம், துண்டு துண்டாக வெட்டிய கம்பி நுனி ட்ரேயில் விழுகிறது, பளபளவென்று இருப்பதைப் பறவை பொறுக்குகிறது. கந்தனக்காய் அதைத் தேய்க்க, அமிலம் துத்தநாகத்தைக் கரைக்க, அது ரத்தத்தில் ஏறும். பச்சை எச்சம், தள்ளாட்டம், வலிப்பு. ஈயம் விழுங்கினாலும் இதே கதை. வயிற்றில் கம்பி தெரிகிறதே, உடனே அறுங்கள் என்று டாக்டரிடம் சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ரத்தத்தில் ஏறியதைக் கட்டி வெளியேற்ற முதலில் ஊசி போடுவார்கள். நஞ்சு ஏறித் துவண்ட பறவையை மேஜையில் போட்டால் மயக்கத்திலேயே போய்விடும். கூண்டு கட்டி முடித்ததும் நான் பழைய ஸ்பீக்கரில் இருந்து பிடுங்கிய காந்தத்தை ட்ரே முழுக்க ஓட்டுகிறேன். முதல் தடவை அதில் ஒட்டிக்கொண்டு வந்த நுனிகளைப் பார்த்து, இத்தனை வருடம் என் பறவைகள் பிழைத்தது என் கெட்டிக்காரத்தனத்தால் அல்ல என்று தெரிந்துகொண்டேன். புது வலையை வினிகர் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்துக் கட்டுங்கள்.

இதையெல்லாம் இத்தனை நாள் எழுதாமல் இப்போது எழுதக் காரணம் இந்தத் தை மாதம் வந்த ஒரு குஞ்சு.

ஒரு டீச்சரம்மா, பையனின் பிறந்தநாளுக்கென்று, “ஹேண்ட் ஃபீட், முழுசா டேம்” என்று சொல்லி விற்ற காக்டெயில் குஞ்சு ஒன்றை வாங்கியிருந்தார். விற்றவர் நம்மில் ஒருவர். ஒரு வாரத்தில் குஞ்சு மெலிந்தது. யாரோ என் பெயரைச் சொல்லி அனுப்ப, சோப்பு டப்பா அளவு அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தார். காலை எட்டு மணி. தீனிப்பை பானை மாதிரி நிறைந்திருந்தது. “இப்பதான் ஊட்டினீங்களா?” என்று கேட்டேன். “நேத்து ராத்திரி ஊட்டினதுங்க.” மூக்கருகில் கொண்டுபோனேன். மூன்று நாள் வெளியே வைத்த இட்லி மாவு வாடை.

விரல் வைத்து உருட்டியதும் எனக்குத் தெரிந்துவிட்டது. இடியாப்ப இழை.

டீச்சரம்மா ஸ்பூனில் மட்டுமே ஊட்டியவர். அவர் வீட்டில் டியூபே கிடையாது.

டாக்டர் அன்று மதியமே திறந்தார். டியூப் ஆறரை சென்டிமீட்டர், கறுத்து, தொட்டால் பிசுபிசுக்கிற அளவு இளகியிருந்தது. ஒரு நுனி தீனிப்பைச் சுவரில் குத்தி நின்ற இடம் புண்ணாகி, நாலு நாள் விட்டிருந்தால் ஓட்டை. புண்ணான ஓரத்தைச் சுத்தம் செய்துவிட்டுத் தைத்தார். இந்தத் தடவை 20 நிமிடத்தில் முடியவில்லை.

சாயங்காலம் விற்றவருக்கு நானே போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னால் அவர் கூண்டுகளில் பறவைகள் கத்துவது மட்டும் கேட்டது. அப்புறம், “ஓ... அதுவாக்கா அது? கக்கியிருக்கும்னு நெனச்சேன்” என்றார்.

அவர் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் எல்லோரும் அவரைத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவீர்கள். அதோடு, எனக்கு அந்தத் தகுதியும் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால், அந்தச் சித்திரை ராத்திரி, விளக்கெண்ணெய் விட்டுக் குஞ்சைப் பெட்டியில் வைத்துவிட்டுப் படுத்தேன் அல்லவா. தூக்கம் வராமல் கிடந்தபோது ஒரு நினைப்பு வந்தது: இந்தக் குஞ்சை ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொள்கிறேன் என்று ஒருவர் சொல்லியிருக்கிறாரே, அதுவரை தாங்கிவிட்டால் போதும். வந்தது, ஒரு நிமிடம் இருந்தது, போய்விட்டது. போகாமல் தங்கியிருந்தால் நானும் அந்த போனை எடுத்து “ஓ, அதுவா” என்றுதான் சொல்லியிருப்பேன்.

இனி என் கோரிக்கைகள். பெரிதாக ஒன்றுமில்லை.

முடிந்தவர்கள் ஸ்பூனுக்கு மாறுங்கள். டீஸ்பூனின் இரண்டு ஓரத்தையும் கொறடாவால் உள்பக்கம் மடித்தால் வாய்க்கால் மாதிரி ஆகும், மாவு சிந்தாது. குஞ்சு தன் வேகத்தில் விழுங்கும், போதும் என்றால் நிறுத்தும். நேரம் பிடிக்கும், தெரியும். நான் மாறி ஒன்றரை வருடம் ஆகிறது, ஒரே சமயத்தில் எடுக்கும் குஞ்சுகளை எட்டாகக் குறைத்துக்கொண்டேன். மாற முடியாதவர்கள், டியூபை வெறுமனே செருகிவிட்டு ஊட்டாதீர்கள். பழைய ரப்பர் வெந்நீரில் கழுவிக் கழுவித் தளர்ந்திருக்கும், மாவின் வழுவழுப்பு வேறு. திருகிப் பூட்டுகிற சிரிஞ்சில் திருகிப் பூட்டுகிற முனை கிடைக்கிறது, அதை வாங்குங்கள். ஒவ்வொரு குஞ்சுக்கும் முன்னால் ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். கடைசிக் குஞ்சு முடிந்ததும் டியூபை எண்ணிக் கழுவி வையுங்கள், ஆஸ்பத்திரியில் பஞ்சை எண்ணுகிற மாதிரி.

நழுவிவிட்டால் மேற்கொண்டு ஊட்டாதீர்கள். எண்ணெய், தலைகீழ், இடுக்கியால் குருட்டுத்தனமாகத் துழாவுவது எதுவும் வேண்டாம். சூடாக வைத்து, அன்றைக்கே கொண்டுபோங்கள். யாரிடம் என்பதை டியூப் நழுவுகிற ராத்திரியில் தேடாதீர்கள். உங்கள் ஊரில் பறவைக்கு வாயு மயக்கம் கொடுத்து அறுக்கத் தெரிந்தவர் யார் என்று இந்த வாரமே விசாரித்து எண்ணை எழுதி வையுங்கள். சென்னைக்காரர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலிப் பக்கம் இருப்பவர்களுக்கும் அங்கங்கே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போய்க் கேளுங்கள், கேட்டால் யாரும் கடிக்க மாட்டார்கள். பச்சைக்கிளி வைத்திருப்பவர்கள் மட்டும் கேட்கவே பயப்படுகிறார்கள். 1972 வனவிலங்குச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம் என்பதால், அது எதை விழுங்கினாலும் வீட்டுக்குள்ளேயே சாகிறது. நம்மில் யாராவது இன்னும் அதைக் கைமாற்றி விட்டுக்கொண்டிருந்தால் இதையும் சேர்த்து யோசியுங்கள்.

விற்கும்போது சொல்லுங்கள். “இதுக்கு ஒரு தடவை டியூப் உள்ள போச்சு, எடுத்தாச்சு, இதோ தையல் போட்ட இடம்” என்று சொல்லித்தான் நான் அந்தச் சித்திரைக் குஞ்சைக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தவர் வேண்டாம் என்று போய்விட்டார். இன்னொருவர் 1,500 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். நஷ்டம்தான். அத்தை இப்போதும் அந்தக் கணக்கைச் சொல்லிக் காட்டுகிறார்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் வீட்டில் இருப்பேன். ஸ்பூன் வளைக்கத் தெரியாதவர்கள் ஒரு டீஸ்பூனும் கொறடாவும் கொண்டுவாருங்கள். சர்க்கரை போடாத டீ வேண்டுமானால் வாசலிலேயே சொல்லிவிடுங்கள், அத்தை ஊற்றி எடுத்துவந்த பிறகு சொன்னால் வருத்தப்படுவார்.

தை மாதக் குஞ்சை விற்ற நண்பருக்கு ஒரு செய்தி. அது பிழைத்துவிட்டது. 94 கிராம். ஆண் என்று தெரிகிறது, டீச்சரம்மா வீட்டுக் குக்கர் விசிலை அப்படியே அடிக்கிறதாம். அவர்கள் மூன்றாவது விசில் எது என்று தெரியாமல் திண்டாடுகிறார்கள். உங்கள் டியூபை டாக்டர் என்னிடம் கொடுத்தார். கழுவித் தீப்பெட்டியில் போட்டு, பரணில் மருந்து டப்பா பக்கத்தில் வைத்திருக்கிறேன். எப்போது வேண்டுமானாலும் வந்து வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அம்பத்தூரிலிருந்து
உங்கள் அக்கா